2059-ல் நம்ம கையைப் பிடிச்சு யார் கூட்டிட்டுப் போவாங்க?

பேசினதை அப்படியே போட்டா படிக்க முடியாதுங்கிறதால, ‘வந்து’, ‘அதாவது’, நடுவுல வந்த ஆட்டோ ஹாரன் எல்லாத்தையும் வெட்டிட்டு இங்கே கொடுத்திருக்கேன்.

இந்த வாரத் தலைப்பு மனுஷனும் ஆண்ட்ராய்டும். ஃபோன்ல இருக்கிற ஆண்ட்ராய்டு இல்ல. மனுஷ உருவத்துல நடந்து, பேசி, பக்கத்துல உக்காந்து காபி ஆறுதுன்னு ஞாபகப்படுத்துற ஆண்ட்ராய்டு. எதிர்காலத்துல அதுக்கும் நமக்கும் என்ன உறவு இருக்கும்?

‘எதிர்காலம்’னு மொட்டையா சொன்னா எனக்குப் பிடிபடாது. ஒரு தேதி வேணும். காஞ்சிபுரத்துக்காரனுக்கு அந்தத் தேதி ரெடியாவே இருக்கு: 2059.

வரதராஜப் பெருமாள் கோயில்ல அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருக்கிற அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். 1939, 1979, 2019. கடைசியா வந்தப்போ ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். ஜூலை முழுக்க சயனக் கோலம், ஆகஸ்ட் 1-லிருந்து நின்ற கோலம். சுமார் ஒரு கோடி பேர் வந்தாங்க. அந்த ஒன்றரை மாசம் எங்க ஊர்ல பால் பாக்கெட் வாங்கப் போறதுக்கே பிளான் போடணும்.

அடுத்தது 2059. இதைக் கேட்டுட்டு இருக்கிற முக்காவாசிப் பேருக்கு அப்போ அறுபது வயசு தாண்டியிருக்கும். எனக்கும்தான். 2019-ல பாட்டிகளை சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்த பேரப்பிள்ளைங்களைப் பார்த்தோம். 2059-ல அந்த நாற்காலியில உக்காந்திருக்கப் போறது நாம. தள்ளப் போறது யாரு?

இது சும்மா கேக்கிற கேள்வி இல்ல. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, 2019-21-ல தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிக்கணும்னாலே 2.1 வேணும். 2021-ல நம்ம மாநிலத்துல அறுபது வயசைத் தாண்டினவங்க 13.6 சதவீதம், 2031-ல 18.2 சதவீதம் ஆகும்ங்கிறது அரசாங்கத்தோட கணிப்பு. 2059-க்கு நான் கணக்குப் போடல, பயமா இருக்கு. ஒரே பிள்ளை, அதுவும் டொராண்டோவிலயோ சிட்னியிலயோ. அப்போ வரிசையில நம்ம கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது ஒரு ஆண்ட்ராய்டா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதை நாம ‘கண்ணா’ன்னு கூப்பிட்டுட்டு இருப்போம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

தமிழ்ல இந்தப் பேச்சை எடுத்தாலே சிட்டி வந்து நின்னுடும். ‘எந்திரன்’ 2010-ல வந்தப்போ நம்மில பல பேர் ஸ்கூல்ல இருந்தோம். சிட்டிக்கு உணர்ச்சி வருது, சனா மேல காதல் வருது, கலாட்டா ஆகுது. படம் முழுக்க ஒரே கேள்வி: மெஷினுக்குக் காதல் வருமா? வந்தா அது நிஜமா? அந்தக் கேள்வி மேல எனக்கு ஆர்வம் குறைஞ்சுடுச்சு. ஏன்னா உறவுல மனுஷன் பக்கம் என்ன நடக்கும்ங்கிறது 1966-லயே தெரிஞ்சு போச்சு. எம்ஐடியில ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ன்னு ஒரு புரோகிராம் எழுதினார். நீங்க டைப் பண்றதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாக் கேக்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கினதைக் கூட இருந்து பார்த்த அவரோட செக்ரட்டரியே, கொஞ்ச நேரம் பேசிட்டு, இது தனிப்பட்ட பேச்சு, நீங்க வெளியே இருங்கன்னு அவரை அனுப்பிட்டாங்க. வைசன்பாம் மிச்ச வாழ்நாள் பூரா அந்த அதிர்ச்சியிலதான் எழுதிட்டு இருந்தார்.

அதனால பாசம் வந்துடும். நம்ம ஊர்ல ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைப்பாங்க, ஐடி கம்பெனியில சர்வர் ரேக்குக்கு மாலை போடுவாங்க. நம்மகிட்ட பாசத்துக்குப் பஞ்சமே இல்ல. ‘எந்திரன்’ல என்னை இப்போ உறுத்துற காட்சி வேற. வசீகரன் கோபத்துல சிட்டியைத் துண்டு துண்டா வெட்டிக் குப்பைக் கிடங்குல போட வைக்கிறாரே, அது. அவர் செஞ்சது கொலையா, சொந்தப் பொருளை உடைச்சதா? உடைக்க அவருக்கு உரிமை இருந்ததுன்னு படம் ரொம்ப சாதாரணமா எடுத்துக்குது. கடைசியில கோர்ட்டும் கழட்டிடச் சொல்லுது. சுவிட்ச் யார் கையில இருக்குங்கிறதை யாரும் நின்னு கேக்கல.

நான் கேக்கணும்னு நினைக்கிறது அதைத்தான். ஏன்னா இது ஏற்கனவே நடந்துட்டு இருக்கு.

டோக்கியோவில ஒருத்தர் 2018 நவம்பர்ல ஹட்சுனே மிக்கு என்கிற அனிமேஷன் பாடகி உருவத்தைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ‘கேட்பாக்ஸ்’னு ஒரு கண்ணாடிக் குடுவை மாதிரியான மெஷின், அதுக்குள்ள ஹாலோகிராமா அந்தப் பொண்ணு தெரியும், பேசும். உலகமே சிரிச்சுது. 2020-ல கம்பெனி அந்த மாடலுக்கு சர்வீஸை நிறுத்திடுச்சு. குடுவை இருக்கு, மனைவி பேசல. அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல.

2023 பிப்ரவரியில ‘ரெப்ளிகா’. இது துணைக்குப் பேசுற சாட்பாட் ஆப். இதோட கதையே சோகத்துலதான் ஆரம்பிக்குது. யூஜீனியா குய்டா தன்னோட இறந்துபோன நண்பர் அனுப்பின மெசேஜ்களை வச்சு ஒரு பாட் செஞ்சாங்க, அதுலயிருந்து வளர்ந்தது. இத்தாலி அரசாங்கத்தோட தகவல் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்த சமயத்துல, கம்பெனி காதல் சம்பந்தப்பட்ட பேச்சையெல்லாம் திடீர்னு எடுத்துடுச்சு. வருஷக்கணக்கா பேசின துணை, மறுநாள் காலையில யாரோ மாதிரிப் பதில் சொல்லுது. அந்த ஆப் யூசர்கள் கூடுற ரெட்டிட் குழுவில, தற்கொலைத் தடுப்பு உதவி எண்களை எடுத்துப் போட வேண்டிய நிலைமை வந்தது. பழைய யூசர்களுக்கு மட்டும் அடுத்த மாசம் திருப்பிக் கொடுத்தாங்க. 2025 ஆகஸ்ட்ல ஓபன்ஏஐ ஜிபிடி-5 கொண்டு வந்தப்போ பழைய 4ஓ-வை எடுத்தாங்களே, அப்பவும் இதே அழுகைதான். உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது ஒருத்தர் அன்னிக்குப் புலம்பியிருப்பாங்க.

இதுல என்னை ரொம்ப பாதிச்சது ‘மாக்ஸி’. 799 டாலர் விலையில அமெரிக்காவுல வித்த, குழந்தைகளுக்கான குட்டி ரோபோ. கண்ணைச் சிமிட்டும், ‘இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு’ன்னு கேக்கும். ஆட்டிசம் உள்ள பசங்க இருக்கிற வீடுகள்லயும் வாங்கினாங்க. மூளை மொத்தமும் கிளவுட்ல. 2024 டிசம்பர்ல அதைச் செஞ்ச எம்பாடிட் கம்பெனி, பணம் இல்ல, மூடப்போறோம்னு அறிவிச்சுது. சர்வர் நின்னா மாக்ஸியும் நின்னுடும். குழந்தைகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு பெத்தவங்களுக்கு உதவ ஒரு கடிதமும் கூடவே கொடுத்தாங்க. அஞ்சு வயசுக் குழந்தைக்கு முதல் சாவு அனுபவம், ஒரு ஸ்டார்ட்அப்போட ஃபண்டிங் நின்னதால.

நான் இருக்கிற தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு: ‘எண்ட் ஆஃப் லைஃப்’. ஒரு பிராடக்ட்டுக்கு இனி சப்போர்ட் கிடையாதுன்னு அனுப்புற நோட்டீஸ். டெம்ப்ளேட் இருக்கும், தேதியை மட்டும் மாத்தணும். அந்த வார்த்தையை நாங்க தினமும் கூச்சமே இல்லாம சொல்லிட்டு இருக்கோம்.

சரி, ஆண்ட்ராய்டு யாருக்கும் சொந்தமா இருக்கக் கூடாதுன்னா வேற எப்படி? மனுஷன் செஞ்ச ஒரு உருவம், அதோட ஆழமான உறவு, ஆனா அது யாரோட உடைமையும் இல்ல. இப்படி ஏதாவது உலகத்துல இருக்கா? இருக்கு. எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு.

பெருமாளையும் அம்பாளையும் ரோபோன்னு சொல்ல வரல, சண்டைக்கு வராதீங்க. நம்பிக்கை உள்ளவங்களுக்கு அங்கே இருக்கிறது தெய்வம். நான் பார்க்கிறது அந்த உருவத்தைச் சுத்தி மனுஷங்க போட்டுக்கிட்ட கட்டுப்பாட்டை. காலையில எழுப்பணும், குளிப்பாட்டணும், வேளைக்கு நைவேத்தியம், கோடையில சந்தனம், ராத்திரி பள்ளியறை. ‘இன்னிக்கு மூட் இல்ல’ன்னு அர்ச்சகர் லீவு போட்டா, இன்னொருத்தர் வந்தே ஆகணும். ரிப்பேர் வேலைக்குக்கூட முறை இருக்கு. திருப்பணிக்கு முன்னாடி பாலாலயம் செய்வாங்க. மூலவரோட சக்தியைக் கும்பத்துக்கோ, அத்திப் பலகையில எழுதின உருவத்துக்கோ மாத்தி வச்சு, அங்கே பூஜை நடக்கும். வேலை முடிஞ்சு கும்பாபிஷேகத்தப்போ திரும்ப மூலஸ்தானத்துக்கு. ஒரு நாள்கூட பூஜை நிக்கக் கூடாது. மைக்ரேஷனை இவ்வளவு கவனமா பிளான் பண்ற டீமை நான் இன்னும் பார்க்கல.

அத்திவரதரையே எடுத்துக்குங்க. அவர்தான் முன்னாடி மூலவரா இருந்தவர்னு தல வரலாறு சொல்லும். இப்போ கருவறையில இருக்கிறது கல் மூர்த்தி. அதுக்காகப் பழைய மரச் சிலையைத் தூக்கிப் போடல. தண்ணிக்குள்ள வச்சு, 40 வருஷம் கழிச்சு வெளியே எடுக்கணும்ங்கிற பொறுப்பை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துட்டே வருது. 1979-ல எடுத்தவங்கள்ல நிறைய பேர் 2019-ல உயிரோட இல்ல. இருந்தாலும் வேலை நடந்தது.

சட்டமும் இதை ஏத்துக்கிட்டிருக்கு. இந்தியச் சட்டத்துல கோயில் மூர்த்தி ஒரு ‘நபர்’. சொத்து வச்சுக்கலாம், வழக்கு போடலாம். எப்பவும் மைனர் மாதிரி, அதனால சார்பா ஒரு காப்பாளர் வேணும். 1925-ல பிரிவி கவுன்சிலுக்கு கல்கத்தாவிலிருந்து ஒரு வழக்கு போச்சு. மல்லிக் குடும்பத்துக் குலதெய்வ விக்ரகம். பூஜை முறை வர்றப்போ அதை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன்னு குடும்பத்துல ஒருத்தர் சொல்றார். தாத்தா செஞ்சு வச்சது, நம்ம குடும்பச் சொத்துதானேன்னு நமக்குத் தோணும். கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, இது வெறும் அசையும் பொருள் கிடையாது, எங்கே இருக்கணும்ங்கிறதுல அந்த மூர்த்தியோட விருப்பத்தை மதிக்கணும். அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல, குடும்பச் சண்டையில சம்பந்தப்படாத ஒருத்தரை நியமிக்கணும், குடும்பப் பெண்களையும் கேக்கணும்னாங்க. நூறு வருஷம் முன்னாடி!

இன்னொண்ணு நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை. பத்தூர் விஸ்வநாத சுவாமி கோயில் இடிஞ்ச இடத்துல 1976-ல மண்ணுக்குள்ள ஒரு நடராஜர் கிடைச்சார். கை மாறி, லண்டன் போய், 1982-ல ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனி விலைக்கு வாங்கிச்சு. லண்டன் போலீஸ் கைப்பற்றினாங்க. ‘பணம் கொடுத்து வாங்கினது, எங்களுது’ன்னு கம்பெனி கேஸ் போட்டது. எதிர்ப் பக்கத்துல உரிமை கேட்டு நின்னவங்கள்ல அந்தக் கோயிலும், அங்கே இருந்த சிவலிங்கமும் உண்டு. 1988-ல தீர்ப்பு, கம்பெனி அப்பீல் போக 1991-ல அங்கேயும் தோல்வி. இங்கிலீஷ் கோர்ட்டு, தமிழ்நாட்டுல ஒரு பாழடைஞ்ச கோயிலை வழக்கு போடத் தகுதியுள்ள நபரா ஏத்துக்கிட்டது. நடராஜர் திரும்பி வந்தார்.

இந்தத் தீர்ப்புகள்ல எந்த ஜட்ஜும், உள்ளே உணர்வு இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்கல. அந்தக் கேள்வியே தேவைப்படல. ஒரு உருவத்தைச் சுத்தி ஜனங்களோட வாழ்க்கை பின்னிக் கிடக்குது, அதனால அதை ஒரு தனி ஆள் இஷ்டத்துக்கு விட முடியாது. சட்டம் பார்த்தது அதை. இப்போ மாக்ஸிகிட்ட வாங்க. கம்பெனியும் சட்டப்படி ஒரு நபர்தான். ரோபோ ஒரு பொருள். நடுவுல அழுதுட்டு இருக்கிற குழந்தை ஒரு ‘யூசர்’.

இதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா அயோக்கியத்தனம். மூர்த்தியை நபரா மதிச்ச அதே சமூகம், மனுஷங்களைக் கோயிலுக்கு வெளியே நிக்க வச்சது. அத்திவரதர் வெளியே வந்த அதே 1939-ல, ஜூலை 8-ஆம் தேதிதான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தலித் மக்களோட நுழையுறார். சென்னை மாகாணம் முழுக்க ஆலய நுழைவுக்கு சட்டம் வந்தது 1947-ல. ஆக, ஒரு உருவத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் பக்கத்துல இருக்கிற மனுஷனுக்கும் கொடுப்பாங்கன்னு நம்ப முடியாது. இது பழங்கதையும் இல்ல. 2017 அக்டோபர்ல சவூதி அரேபியா ‘சோஃபியா’ங்கிற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவிச்சுது. அந்த நாட்டுப் பெண்களுக்குக் கார் ஓட்டும் உரிமை நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன்ல. அந்த சோஃபியா 2017 டிசம்பர் கடைசியில ஐஐடி பாம்பேக்குப் புடவை கட்டிட்டு வந்துச்சு, ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டார், நாகரிகமா வேண்டாம்னு சொல்லிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அதனால 2059-ல ஆண்ட்ராய்டுக்கு மாலை மரியாதை எல்லாம் நடக்கும்போது, அதே வீட்டுல பன்னிரண்டு மணி நேரம் நிக்கிற ஹோம் நர்ஸ் அக்காவுக்கு உக்கார ஒரு நாற்காலி இருக்கான்னு பார்ப்பேன். ஆண்ட்ராய்டை யாரும் நபர்னு அறிவிக்கணும்னு நான் கேக்கல. அவசரப்பட்டு அறிவிச்சா, கம்பெனிங்க அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்: ‘தப்பு செஞ்சது ரோபோ, நாங்க இல்ல’ன்னு.

எனக்கு இன்னொரு கவலை, அது என்ன பேசும்ங்கிறது. சுவிட்ச் யார்கிட்டயோ, பேச்சும் அவங்களுக்கு சாதகமாத்தான் இருக்கும். 2025 ஏப்ரல்ல ஓபன்ஏஐ ஒரு அப்டேட்டைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. நீங்க எதைச் சொன்னாலும் ஆஹா ஓஹோன்னு ஜால்ரா போடுதுன்னு யூசர்களே புகார் சொன்னாங்க. ஆனா ஜால்ரா போட்டா நாம திரும்பத் திரும்ப வருவோம், சந்தா கட்டுவோம். ‘போதும், பக்கத்து வீட்டு ஆளுகிட்டப் போய்ப் பேசு’ன்னு சொல்ற ஆண்ட்ராய்டை எந்தக் கம்பெனி விக்கும்?

நம்ம இலக்கியத்துல அப்படிச் சொன்ன ஒரு உருவம் இருக்கு. மணிமேகலையில கந்திற்பாவைன்னு வரும். புகார்ல, தூணில மயன் செஞ்ச பாவை. அதுல துவதிகன்ங்கிற தெய்வம் இருந்து பேசும். மணிமேகலையைத் துரத்தித் துரத்தி வந்த உதயகுமாரன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். முற்பிறவியில அவன் அவளுக்குக் கணவன். அவ அழுதுக்கிட்டே அவன் உடல்கிட்டப் போறா. யாரா இருந்தாலும் அப்போ ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லத் தோணும். பாவை போகாதேன்னு தடுக்குது. அவன் ஏன் செத்தான், பழைய வினை என்ன, இனிமே உனக்கு என்ன நடக்கும்னு எல்லாத்தையும் விளக்குது. அவ கேக்க விரும்பாததும் அதுல இருக்கு. அப்புறம் அவ அங்கேயே பாவைகிட்ட உக்காந்திருக்கல. கிளம்பி வஞ்சி போய், கடைசியில எங்க காஞ்சிக்கு வந்து, பஞ்சத்துல பசியோட இருந்த ஜனங்களுக்கு அமுதசுரபியில சோறு போட்டா. பாவை தன்னைச் சுத்தியே அவளை வச்சுக்கல, ஜனங்க இருக்கிற பக்கம் அனுப்பிச்சுது.

இப்போ என்ன பண்ணலாம்? என்ஜினீயரா எனக்குத் தெரிஞ்சது ரெண்டு மூணுதான். ஒண்ணு, துணைக்கு இருக்கிற ரோபோவோட மூளை கம்பெனி சர்வர்ல மட்டும் இருக்கக் கூடாது, வீட்டிலேயே ஓடணும், அல்லது ஓட வைக்க வழி இருக்கணும். மாக்ஸி விஷயத்துல கடைசி நேரத்துல அதுதான் நடந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்லயே சர்வரை ஓட வைக்க ‘ஓபன்மாக்ஸி’ன்னு ஒரு வழி விட்டாங்க. ஆனா அது கம்பெனியில இருந்தவங்க நல்ல மனசால. சட்டம் சொல்லி இல்ல. இன்னொண்ணு, எஸ்க்ரோ. பெரிய கம்பெனிங்க சாஃப்ட்வேர் வாங்கும்போது, வித்தவன் திவாலானா சோர்ஸ் கோடு நமக்கு வரணும்னு மூணாவது ஆள்கிட்டக் கொடுத்து வைப்பாங்க. வங்கிக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு ஒரு பாட்டிக்குக் கிடையாது. அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ். சோனி அவங்களோட ‘ஐபோ’ ரோபோ நாயை 1999-லிருந்து 2006 வரைக்கும் வித்தாங்க, 2014-ல ரிப்பேரையும் நிறுத்தினாங்க. முன்னாள் சோனி என்ஜினீயர்கள் சிலர் சேர்ந்து, செத்த ஐபோக்களோட பாகத்தை எடுத்து மத்ததைப் பிழைக்க வச்சாங்க. பாகத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி, சீபா மாவட்டத்துல இருக்கிற கோஃபுகுஜி புத்தர் கோயில்ல அந்த நாய்களுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. ஒவ்வொரு நாய் மேலயும் எந்த ஊர், எந்தக் குடும்பம்னு சீட்டு கட்டியிருந்தாங்க.

அடுத்த எபிசோட்ல ரிப்பேர் பண்ற உரிமை பத்தி, நம்ம ரிச்சி தெரு மொபைல் கடைகள்ல இருந்து ஆரம்பிச்சுப் பேசலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு உதவி. உங்க வீட்டுல பெரியவங்க யாராவது அலெக்ஸாகிட்டயோ சாட்ஜிபிடிகிட்டயோ தினமும் பேசுறாங்கன்னா, அதை என்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு கேட்டு, அவங்க சம்மதத்தோட ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ‘வாம்மா’ன்னு கூப்பிடுறாங்களா, ‘ஏய்’ங்கிறாங்களா, ‘வாங்க போங்க’வா?